முபிட்டா என்றோர் எழுத்துப்பிழை

பதினான்கு கணினி, முப்பத்தொன்பது பேர்.
ஒரு நாற்காலியில் இருவர் பாதிப் பாதியாய்,
மூன்றாமவர் நின்றுகொண்டே சொல்ல வேண்டும்:
"அங்கே அரைப்புள்ளியை விட்டுட்டே."
எங்கள் கணினியில் நிற்பது எப்போதும் ஒச்சோலா.
தட்டுவது நான், அவினோ.
கெருபோ டீச்சரின் கைப்பேசி
ஜன்னல் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கும்;
அதுதான் எங்கள் இணையம்.
ஏரிக்காற்று வீசினால் ஒமேனா மீன் காயும் வாசம்.
கொஞ்சம் பலமாய் வீசினால்
கைப்பேசி முகம் திருப்பிக்கொள்ளும்,
உலகம் போய்விடும்.

இந்தப் பருவத்துக்குக் கொடுத்த சிக்கல்:
படகுத்துறையில் வரிசை.
லாரியும் ஏறும் பெரும்படகு.
யார் முதலில், எவ்வளவு எடையில் கிளம்புவது?
எங்களோடு இன்னொரு பள்ளி,
ஜாம்பியாவில், மோங்குவில்.
கோப்பு ஒன்று. கைகள் இரண்டு ஊர்.
எங்கள் நான்கு மணி அவர்களுக்கு மூன்று.

முன்னால் நிற்பவர் முன்னால் ஏறட்டும் என்று எழுதினேன்.
இடம் போதாதா? படகு காத்திருக்கட்டும்.
நியாயம்தானே,
வரிசை என்றால் வரிசை.

மறுநாள் இருபத்தேழாம் வரி என்னுடையதில்லை.
அருகில் பச்சையாய்ச் சிமிட்டியது ஒரு பெயர்:
முபிட்டா.
எங்கள் ஊர் ம்பிட்டா.
யாரோ ஊர்ப்பெயரில் ஓர் உகரம் கூட்டிவிட்டார்கள் என்று
மேசை அதிரச் சிரித்தோம்.
அழித்தேன்.

வியாழக்கிழமை அந்த வரி மறுபடி முளைத்திருந்தது.
அழித்துவிட்டு ஒச்சோலாவைத் திட்டினேன்.
"என் கை ரெண்டும் பாக்கெட்டில" என்றான்.

திங்கள், மூன்றாம் முறை.
அழிக்க அழிக்கவே
பச்சைக் கோடு என் கோட்டுக்கு எதிரே வந்து நின்றது.
நான் ஓர் எழுத்தை எடுக்க
அது ஓர் எழுத்தை வைக்க,
சட்டென்று வரியை விட்டு
ஓரக்குறிப்புக்குத் தாவியது:

"நான் ஊர் இல்லை, ஆள்.
இங்கே மூன்றுக்கு மின்சாரம் வரும், நாலரைக்குப் போகும்.
அதற்குள் உன் நிரலை ஓட்டிப் பார்.
முன்னால் லாரி, பின்னால் ஒரு கர்ப்பிணி."

ஓட்டினேன்.
லாரிக்கு இடமில்லை. படகு காத்திருந்தது.
லாரிக்கு இடமில்லை. படகு காத்திருந்தது.
லாரிக்கு இட
திரை உறைந்தது, விசிறி மட்டும் உறுமியது.
லாரி இளைக்கட்டும் என்று நிற்கும் படகு
நான் கட்டியது.

"இங்கே வெள்ளம் ஏறினால் கரையே நடந்து போய்விடும்.
காத்திருக்கும் படகுக்குத் துறை மிஞ்சாது."

எனக்கு ரோஷம்.
அந்த வரியை வைத்துவிட்டு நானும் ஓட்டினேன்
இருபது படகு, முப்பது படகு.
எழுதினேன்: "உன் லாரி இன்னும் கரையில்தான் நிற்கிறது.
சின்னதெல்லாம் ஏறி ஏறிப் போகின்றன."
பச்சைக் கோடு வெகுநேரம் அசையவில்லை.
மின்சாரம் போனதா, யோசனையா,
தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றுபோல்தான் தெரிகிறது.

அப்போது என் தோளுக்கு மேலே ஒச்சோலா:
"மூணு தடவை விட்டா
நாலாவது படகு காலியா அவனுக்கு.
எங்கப்பா துறையில அப்படித்தான் கத்தி வாங்குவார்."
நான் எழுந்தேன்.
அந்தப் பருவத்தில் முதல்முறையாக அவன் உட்கார்ந்தான்.
இரண்டே விரலால் தட்டினான்.
அரைப்புள்ளியை விட்டுவிட்டான்; நான் சொல்லவில்லை.
ஜாம்பியாவிலிருந்து வந்து விழுந்தது.

படிவத்தில் பெயருக்கு ஒரே கட்டம்.
எந்த வரி யாருடையது என்று மதிப்பெண் போடக் கேட்டார் டீச்சர்.
இருபத்தேழு முபிட்டா.
இருபத்தெட்டு முதல் முப்பத்தொன்று ஒச்சோலா,
அதில் ஒரு புள்ளி மறுபடி முபிட்டா.
"நீ?"
இருபத்தேழை மூன்று தடவை அழித்தது நான், டீச்சர்.
அவர் பென்சிலால் ஏதோ எழுதினார்.
கையால் மறைத்துக்கொண்டார்.

வெளியே துறையில் கடைசிப் படகு சங்கு ஊதியது.
மணல் லாரி ஒன்று ஏறாமல் நின்றது.
எத்தனையாவது தடவை என்று
ஓட்டுநரிடம் கேட்கத்தான் போனேன்.