வேண்டுதல் கட்டம்

ரசீதுப் புத்தகத்தில் நாலு கட்டம்:
பெயர், தெரு, தொகை, வேண்டுதல்.
மூன்றை நிரப்பிவிட்டுப்
பேனாவைத் தூக்கிப் பிடித்திருக்கிறார் குழந்தைவேலு.
"என்ன வேண்டுதல்?"
"ஒன்றுமில்லை."
"ஒன்றுமில்லாமல் யாராவது பூக்குழி இறங்குவார்களா?
கட்டம் காலியாக இருந்தால்
தலைவர் என்னைக் கேட்பார்."

எனக்குப் பின்னால் வரிசை
தெருமுனை டீக்கடை வரை நிற்கிறது.
பங்குனி வெயில். மோல்மீன் முழுக்க
ஆற்றுச் சேற்றின் வாசம்.

நான் ரப்பர் மண்டியில் கணக்கு எழுதுகிறவள்.
அடையாள அட்டையில் டோ கின் மா,
அம்மன் முன்னால் பொன்னரசி.
இரண்டு பெயரிலும் கடன் கிடையாது.

நேர்த்திக்கடன் என்ற சொல்லில்
கடன் எங்கே இருக்கிறது என்று
அம்மாதான் காட்டினாள், காட்டுகிறோம் என்று தெரியாமலே.
அப்பாவுக்குக் காய்ச்சல் ஏற ஏற
அவள் வேண்டுதலை ஏற்றினாள்:
முதலில் பால்குடம். பிறகு முடி.
பிறகு காதில் கிடந்த ஒரே தோடு.
அப்பா போய்விட்டார்.
முப்பது கழிந்த மறுநாள்
மொட்டைத் தலையில் குடம் ஏற்றினாள்.
"அவர்தான் இல்லையே, எதுக்கும்மா?"
"சொன்ன சொல்லு நம்மளது."
முதல் மூழ்கிய பிறகும் வட்டி கட்டிய ஆள்
என் கணக்கில் அவள் ஒருத்திதான்.

அன்றைக்கு அம்மனோடு சண்டை.
சண்டை என்றால், போகவில்லை. பதினோரு வருடம்.
அவளும் வரவில்லை.

பிறகு ஒரு ஆடி.
பீலுத் தீவிலிருந்து திரும்பும் கடைசிப் படகு,
பாலம் வராத காலம்,
நடு ஆற்றில் எஞ்சின் நின்றுவிட்டது.
மேற்கிலிருந்து மழை சாய்ந்து அடித்தது.
முருகா என்றது ஒரு குரல்.
பயா, பயா என்றன பல குரல்கள்.
கோழிக்கூடையைக் கட்டிப்பிடித்தபடி ஒருவர்
அல்லாவைக் கூப்பிட்டார்.
எனக்கும் வாய் திறந்தது. கை முந்திக்கொண்டது.
காலடியில் உருண்ட பால்டப்பாவை எடுத்து
மொண்டு மொண்டு வெளியே ஊற்றினேன்.
எண்ணிக்கொண்டே ஊற்றினேன், தொழில் புத்தி.
ஏற்ற நீர் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது.
அறுநூற்று நாற்பதில் துறைமுக விளக்கு தெரிந்தது.

என் கைதான் காப்பாற்றியது என்று
அன்றிரவு தோள்வலியோடு சொல்லிக்கொண்டேன்.
இன்றைக்கும் அதையே சொல்வேன்.
ஆனால் ஓட்டையில்லாத ஒரு டப்பாவை
அந்தப் படகில் யார் விட்டுப்போனார்கள் என்பதை
வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா,
இன்னும் முடிவு செய்யவில்லை.

மறுவாரம் கோயிலுக்குப் போனேன்.
கும்பிடவில்லை, உட்கார்ந்தேன்.
நடை சாத்தும் வரை இரண்டு பொம்பளைகள்,
ஒருத்தி கல்.
விடிந்ததிலிருந்து அவள் காதில்
கொடு, கொடு என்றுதானே விழுகிறது.
கேட்காத ஒருத்தி பக்கத்தில் இருந்தால்
கொஞ்சம் காலை நீட்டிக்கொள்வாள் என்று தோன்றியது.
அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அப்படித்தான்.

அரிசி நான் வாங்குகிறேன்.
தகரம் ஒழுகினால் தார் நான் பூசுகிறேன்.
மேசோட்டில் மாட்டிக்கொண்ட மகனைக் கூட்டிவர
மூன்று பஸ், இரண்டு லஞ்சம், எல்லாம் நானே.
அவளிடம் கேட்க மிச்சம் இருப்பது
"நீ எப்படி இருக்கே?" மட்டும்தான்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

குழந்தைவேலு பொறுமை போய்
எல்லோருக்கும் எழுதுவதையே எழுதினார்:
குடும்ப நலம்.
இருக்கட்டும். அவர் புத்தகம் அவருக்கு.

சாயங்காலம் குழி சிவந்து கிடந்தது.
மஞ்சள் சேலை காலைத் தடுக்க, இறங்கினேன்.
சுடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.
மூன்றாவது எட்டில் இடது பாதம் சுட்டது.
"அம்மா" என்று கத்தினேன்.
எந்த அம்மாவை என்று பார்க்க நேரமில்லை,
அடுத்த எட்டு வைக்க வேண்டியிருந்தது.