ங்க

பள்ளிபாளையம்.
மேசை மேல் தண்ணீர் டம்ளர் நடுங்கும்,
அத்தனை பக்கத்தில் தறிக்கூடம்.
மயிலாத்தாள் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க.
தூக்கந்தான் வர்றதில்லீங்க.
அவுரு அடிக்கறாருங்க."

அடிக்குக்கூட ஒரு ‘ங்க’.

படிவத்தில் ஒரு கட்டம்:
மனச்சோர்வு, ஆம் அல்லது இல்லை.
அவள் சொன்னதோ,
"வவுத்துக்குள்ள தறி ஓடுதுங்க."
கட்டத்துக்கு வெளியே அதையே எழுதினேன்.

விட்டு வந்துவிடுங்கள் என்று
என் படிப்பு நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டுக் கேட்டேன்:
"அந்தத் தறி எப்பங்க நிக்கும்?"

விரல் மடக்கினாள்.
முன்பணம். சீட்டு. பெரியவளின் சீர்.
மடங்காத விரலையே
வெகுநேரம் பார்த்தாள்.

நாலாவது வாரம் கரண்ட் போனது.
ஊர் முழுக்கத் தறி நின்ற அமைதியில்
"எனக்குக் கோவம் வருது"
என்றாள்.

டம்ளர் நடுங்கவில்லை.
விட்டுப்போன அந்த ஈரெழுத்தை
நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.