இடது மூலையில் இரண்டு சொல்

பழவூருக்குக் கிழக்கே
பதினேழாம் நம்பர் காற்றாலையின் தலைக்குள்
கியர் எண்ணெய் வாசத்தில் உட்கார்ந்திருந்தேன்.
இறக்கை மூன்றையும் பூட்டியாயிற்று.
கசிகிற இடத்துக்கு ஒரு சீல்
வள்ளியூரிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தது,
ஆடிக் காற்றில் தள்ளாடி, மெதுவாக.

போன் ஆறாவது முறையாகச் செத்துப் பிழைத்தது.
பேர் மின்னும். முதுகு சுடும்.
படம் முழுசாய் வருமுன்னே
மறுபடி இருட்டு.

கீழே ஜீப்பில் சுயம்புலிங்கம்,
ஒரு கையில் அவன் போன், மறு கையில் வாக்கிடாக்கி.
"பேரு தெரியும்போ சவுண்டு குறைக்க பட்டன அமுக்கிப் பிடி லே.
பூட்டு வார வரைக்கும் விட்டுராத. கேக்கா?"
"கேக்கு."
கையுறையைப் பல்லால் கழற்றினேன்.
முப்பத்தாறாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற விரலுக்கு
அந்தப் பட்டன் ஒரு எள்ளு.

திரை வந்தது. நின்றது.
கீழே, இடது மூலையில்,
வாடகை வீட்டுச் சுவரில்
முன்னே இருந்தவன் எழுதிப்போன பால் கணக்குபோல
சின்னதாய் இரண்டு சொல்:
சேஃப் மோட்.

"அணையுதா?"
"இல்ல."
"அப்ப மிசினுல குத்தமில்ல.
நீ ஏத்தி வச்சதுலதான் என்னமோ."

நான் ஏற்றி வைத்ததெல்லாம்
சாம்பல் பூசிக் கிடந்தன.
ரம்மி.
என்னை வெள்ளையாக்கும் கேமரா.
விரலை வைத்தால் ரத்த அழுத்தம் சொல்கிற புளுகு.
மச்சினன் ஏற்றிய டார்ச்,
போனுக்குள்ளேயே ஒன்று இருப்பது
எங்கள் இருவருக்கும் தெரியாத காலத்தில்.
தமிழ் எழுதுகிற பலகையுமா?
எஸ்தருக்கு 'சாப்ட்டாச்சு' என்று தட்டப் பார்த்தேன்,
இங்கிலீஷ் எழுத்துதான் வந்தது.
சாப்பிடவும் இல்லை.

"கடைசியா ஏத்துனத மொதல்ல தூக்கு.
ஒண்ணு தூக்கு, அணைச்சுப் போடு, பாரு."

ரத்த அழுத்தத்தைத் தூக்கினேன். செத்துப் பிழைத்தது.
மறுபடி பட்டன், மறுபடி மூலையில் இரண்டு சொல்.
கேமரா போனது. டார்ச் போனது.
பலகையைத் தூக்குகையில் கொஞ்சம் தயங்கினேன்.
ரம்மியிடம் தயங்கவில்லை.
மாசியிலேயே தூக்கியிருந்தால்
ஒரு மோதிரம் மிஞ்சியிருக்கும்.
அதைச் சுயம்புவிடம் சொல்லவில்லை.
வாக்கிடாக்கியை நாலு பேர் கேட்பார்கள்.

மிச்சம் ஒன்றே ஒன்று.
கம்பெனி ஆப்.
ஏற்றி மூன்று வருசம், அதனால் வரிசையில் கடைசி.
திங்கட்கிழமை தன்னைத்தானே புதுசாக்கிக்கொண்டது.
ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா
நான் நிற்கிற இடத்தைச் சென்னைக்குச் சொல்லும்.

கொஞ்ச நேரம் கரகரப்பு மட்டும்.
பிறகு,
"அதத் தொட்டுராத மக்கா.
சம்பளம் அதுலதான் ஏறும்."

தொடவில்லை.
சாம்பலிலிருந்து அதை எழுப்பவும் இல்லை.
கொக்கியை மாட்டி, மேல் மூடியைத் தூக்கித்
தலையை வெளியே நீட்டினேன்.
மகேந்திரகிரியை மேகம் பாதி தின்றிருந்தது.
தென்கிழக்கே கூடங்குளத்து மொட்டைத் தலைகள்,
அதற்கப்பால் கடல், ஒரு நகக்கீறல்.
கீழே, கோபுரத்து நிழலுக்குள்
ஆடுகள் ஒற்றை வரிசையில் படுத்திருந்தன.
நிழல் நகர்ந்தது.
ஓரத்து ஆடு எழுந்து, மறு ஓரத்துக்குப் போய்ப் படுத்தது.
அடுத்த ஆடு எழுந்தது.
சுற்றிலும் முந்நூறு காற்றாலை சுற்ற,
என்னுடையது மட்டும் சும்மா நின்றது.
நான் இங்கே இருப்பதைப்
போன் யாரிடமும் சொல்லவில்லை.

பதினோரு நிமிசம்.

சேஃப் மோட்டிலும் அழைப்பு வரும்.
சூப்பர்வைசர் ஹென்சன்:
"எங்க வே இருக்கீரு? மேப்புல உம்ம புள்ளியக் காணலயே."
"பதினேழுல சார். மேலதான்."
"மேலன்னா?"

மண்பாதையில் செந்தூளைக் கிளப்பிக்கொண்டு
சீல் வந்துகொண்டிருந்தது.

"எம்பது மீட்டர் சார்" என்றேன்.