நகல்

வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு மாடியறை. நீள மேசை.
இருபது ஆண்டு அதன் கடைக்கோடியில்
எனக்கொரு முக்காலி.
அவர்கள் பேசுவார்கள். நான் நகலெடுப்பேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
அவர்கள் கெட்டவர்கள் இல்லை.
சம்பளம் வாங்கவில்லை.
ஆண்ட மண்ணில் ஒரு முழம்கூடத்
தம் பேருக்கு எழுதிக்கொள்ளவில்லை.
யாரோ ஒரு செருப்புத் தைப்பவனின் கடனுக்காக
நனைந்த கோட்டைக் கழற்றாமல்
மூன்று மணிநேரம் வாதாடிய நாளும் உண்டு.
முத்திரையில் முசுக்கொட்டை இலை,
இலைமேல் புழு, பக்கத்தில் கூடு.
சுற்றிலும் லத்தீனில்:
தமக்கன்று, பிறர்க்கு.

ஒருவரைத் தவிர யாரும் ஜார்ஜியாவைப் பார்த்ததில்லை.
படத்தில் அது என் உள்ளங்கை அகலம்.
அந்த அகலத்துக்குள் நான் எழுதினேன்:
ரம் கூடாது. அடிமை கூடாது.
குடும்பத்துக்கு ஐம்பது ஏக்கர்.
திருத்திய பத்து ஏக்கருக்கு நூறு முசுக்கொட்டை.
தகப்பனுக்குப் பின் மகன்.
மகன் இல்லையென்றால்
மண் மேசைக்குத் திரும்பும்.

கப்பலில் பதினொரு வாரம் கிடந்து வந்தது
கெசாயா தர்ல்பியின் கடிதம்.
நாடா இல்லை;
முறுக்காத பட்டு நூலால் கட்டியிருந்தாள்.

"அப்பா காலுறை பின்னியவர்.
ஜூலைக் காய்ச்சலில் போய்விட்டார்.
பதினெட்டு பைன் மரம் நான் சாய்த்தேன்.
வேலி என் கையால் போட்டது.
மார்ச் குளிரில் புழுத் தட்டை
என் போர்வைக்குள் வைத்துப் படுத்தேன்.
அவை இலை தின்னும் சத்தம்
கூரையில் தூறல் விழுவதுபோல் இருக்கும்.
மண் எனக்கு என்று கேட்கவில்லை, ஐயா.
அதில் இருக்க விடுங்கள்."

நான்தான் வாசித்தேன். தொண்டை கொஞ்சம் பிசகியது.
ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
ஒருவர், தெற்கே ஸ்பானியர் இருக்கையில்
தோட்டத்துக்கு ஒரு துப்பாக்கியாவது வேண்டாமா என்றார்.
இன்னொருவர் நூலை ஜன்னலுக்குக் கொண்டுபோய்
வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்தார்.
"நல்ல நூல்," என்றார். எல்லோரும் பார்த்தார்கள்.
நல்ல நூல்தான்.

மிகுந்த வருத்தத்துடன், என்று
அவர்கள் சொல்லுமுன்னே என் கை எழுதியிருந்தது.
இரண்டு கம்பளி. ஒரு ஜெபப் புத்தகம்.

அடுத்த வசந்தத்தில் கம்பளிகள் திரும்பி வந்தன,
பொதி பிரிக்காமல், உப்பு வாடையோடு.
ஆறு தாண்டிக் கரோலினா போனாள் என்றது ஒரு கடிதம்.
தோல் வியாபாரியோடு கிரீக் ஊர்ப் பக்கம், என்றது ஒன்று.
மூன்றாவது கடிதம் மாடுகளைப் பற்றியது:
தர்ல்பி தோட்டத்துக் கன்றுகளை
மேய்ந்து தீர்த்துவிட்டனவாம்.

மூன்று வருடம் கழித்துச் சட்டம் மாறியது.
மகளுக்கும் மண் உண்டு.
அதையும் நான்தான் எழுதினேன்.
அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை.
நானும்தான்.

பிறகு மேசை வெறிச்சோடத் தொடங்கியது.
பதினைந்து பேர் இருமிய அறையில் நான்கு பேர்.
அப்படி ஒரு நாளில்தான்
பழைய ஏட்டை எடுக்கச் சொன்னார்கள்.
அங்கே வெயில் அதிகமாம், அரிசி விளையுமாம்,
கை போதவில்லையாம்.
"அடிமை கூடாது" என்றிருந்த வரியில்
கடைசிச் சொல்லை அடித்தேன்.
ஒரே கோடு. நேர்கோடு.
என் கோடுகள் கோணியதில்லை.
அந்தக் கோட்டின் கீழே வந்து நின்றவர்கள்
ஒரு கடிதமும் அனுப்பவில்லை.
எந்த நூலாலும் கட்டி எதுவும் வரவில்லை.
எங்கள் விலாசத்தை அவர்களுக்கு
யார் சொல்லியிருப்பார்கள்?

கடைசி நாளில் முத்திரையைச் சிதைத்தார்கள்.
இரண்டு அடியில் புழு போயிற்று.
கூடு பாதி நின்றது.
கைகுலுக்கிக்கொண்டு படியிறங்கினார்கள்,
எடுக்க ஏதும் இல்லாத கைகள்.

எடுத்தது நான்.
அந்த நூலை, அன்றைக்கே, சட்டைக் கைக்குள்.
ஒரு குளிர்காலத்தில் வேறு நூல் கிடைக்காமல்
என் காலுறை ஓட்டையை அதனால் தைத்தேன்.

காலுறை எப்போதோ நைந்து போயிற்று.
தைத்த இடம் மட்டும்
காசளவு
இன்னும் கிழியாமல் இருக்கிறது.