ருமோரோசா ஏற்றம்

மெக்சிகாலியில் காலை ஒன்பதுக்கே நாற்பத்தைந்து டிகிரி.
மலைப்பாதை தொடங்குமிடத்தில் தண்ணீர்ப் பீப்பாய்கள்,
பானெட் திறந்த வண்டிகள்,
தொப்பியால் ஆவியை விசிறியபடி ஆண்கள்.

நான் நிற்பதில்லை.
முள் சிவப்பை நெருங்கினால்
ஹீட்டரை முழுதாகத் திருகிவிடுவேன்.
எஞ்சினின் காய்ச்சலில் கொஞ்சத்தை
என் மடியில் வாங்கிக்கொள்வது.
ஆறு வருடம் அப்படித்தான் ஏறினேன்,
கண்ணாடிகளை இறக்கி, செருப்பைக் கழற்றி,
முழங்காலில் ஈரத்துண்டோடு.

ஜூலையில் டெகாட்டேயில் ஒரு கல்யாணம்.
பின்சீட்டில் மூன்றடுக்குக் கேக்.
இருபதாவது வளைவில்
மேலடுக்கு நடுவடுக்கின் தோளில் சாய்ந்தது.
மணமகளின் தாய் ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளே போய்
கரண்டிகள் எடுத்துவந்தாள்.

"தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றினால் ஆகாதா?"
என்றேன் நபோரிடம்.
"கதவை முன்னதாகவே திறக்கலாம், தோன்யா எர்லிண்டா.
சூடு வெளியே போக
வாசல் வேண்டாமா?"

பழைய ரேடியேட்டரைக் கவிழ்த்தான்.
துருச்சேறு. தேனீ இறக்கைகள்.
ஒரு வெட்டுக்கிளியின் கால்.
மூன்று வரிசை அலுமினியத்தில் புதியது வந்தது,
பழைய இரும்புக் கடையில் ஒரு டாரஸிலிருந்து
கூட்டோடு பிடுங்கிய மின்விசிறி
(கூடில்லாத விசிறி சுற்றும், இழுக்காது என்றான்),
பம்பு, குழாய்கள்,
எழுபத்தொன்றில் திறக்கும் தெர்மோஸ்டாட்.
பதினான்கு கேக்குகளின் பணம்.

முதல் ஏற்றத்தில்
முள் பாதிக்குக் கீழேயே படுத்திருந்தது.
செத்துவிட்டதோ என்று கண்ணாடியைத் தட்டினேன்.
கை தானாக ஹீட்டருக்குப் போனது,
திரும்பி வந்தது.
இருபதாவது வளைவில் பொறுக்கமுடியாமல் நிறுத்தி
பானெட்டைத் திறந்தேன்.
"என்ன ஆச்சு, சேன்யோரா?"
"ஒன்றுமில்லை."
ஒருவனும் நம்பவில்லை.
ஒரு லாரிக்காரன் வாளியோடு வந்துவிட்டான்.
வாங்கி
முகம் கழுவிக்கொண்டேன்.

ஜனவரியில் உச்சியில் பனி.
விரல்கள் ஸ்டியரிங்கில் விறைக்க
ஹீட்டரைத் திருகினேன்.
வெதுவெதுப்பான ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.
எத்தனை வெயில் காலங்கள் கேட்காமலே தந்தது!
நபோர் தொலைபேசியில் சிரித்து முடிக்கும்வரை
காத்திருந்தேன்.
"அட்டை ஏதாவது இருக்கிறதா?"

இருந்தது. கேக் பெட்டியின் மூடி.
ரேடியேட்டரின் பாதி முகத்தை மறைத்துச் செருகினேன்,
மணமக்களுக்கு வாழ்த்து என்ற
பொன் எழுத்துகள்
எஞ்சினைப் பார்த்தபடி.