நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

மே பிறந்தும் ஏரியில் பனிக்கட்டி விலகவில்லை.
சுப்பீரியருக்கு நாட்காட்டி ஒரு பொருட்டில்லை.
லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில்
பழைய பாடநூல் சந்தை.
காபி இலவசம். பூட்ஸைக் கதவருகே கழற்றவும்.

எங்கள் ஊர்ப் பள்ளியைப் போன ஜூனில் மூடினார்கள்.
அடுத்த பள்ளி நாற்பத்தொரு மைல்.
குளிர்காலம் முழுக்க ஐலி
இருட்டில் பஸ் ஏறி
இருட்டில் இறங்கினாள்.
ஒருநாள் ரொட்டியை மென்றபடியே தூங்கிப்போனாள்,
கையில் பாதி ரொட்டி.
போதும் என்றாள் மார்லிஸ்.
போதும் என்றேன் நானும்.
சொல்லிவிட்டோம்.
ஏழாம் வகுப்பை யார் நடத்துவது?

நான் பனி வாரும் வண்டி ஓட்டுபவன்.
கோடையில் சாலைக்குத் தார்.
எத்தனை மைலுக்கு எத்தனை டன் உப்பு என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
எக்ஸ் என்று எழுதிக் காட்டினால்
உள்ளங்கை வேர்க்கும்.

மூன்று வாரமாய்ச் சாப்பாட்டு மேஜையில்
சாப்பாட்டுக்கு இடமில்லை, விலைப்பட்டியல்கள்.
லத்தீனில் தொடங்கு என்கிறது ஒன்று.
திரையில் ஒருவர் எல்லாம் பார்த்துக்கொள்வார் என்கிறது ஒன்று,
படத்தில் அவருக்குப் பல் அதிகம்.
இன்னொன்று ஒரே பெட்டியில் முழு வருடம்:
நூற்றெண்பது நாளும் நான் பேச வேண்டிய
வசனம் உட்பட
எண்ணூற்று நாற்பது டாலர்.
டிரக்கின் கியர்பாக்ஸும் அதே விலைதான்.
இருந்தும் என் ஓட்டு அந்தப் பெட்டிக்கு.
வசனத்துக்காக.

மார்லிஸ் மஞ்சள் தாளில் கட்டம் போட்டாள்,
குறுக்கே ஆறு, நெடுக்கே பதினொன்று.
கட்டமெல்லாம் நிரம்பிவிட்டது.
முடிவு மட்டும் எந்தக் கட்டத்திலும்
உட்காரவில்லை.

ஐலியை ஒருவரும் கேட்கவில்லை.
இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

சந்தையில் அவள் எங்களிடமிருந்து நழுவி
ஒரு டாலர் மேஜைக்குப் போயிருந்தாள்.
அட்டை கிழிந்தவை, காபி குடித்தவை.
நாங்கள் லத்தீனுக்கும் பல்லுக்கும் இடையே
தாழ்ந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருக்க,
ஒரு கணக்குப் பயிற்சி நூலோடு வந்து நின்றாள்.

உள்ளே பெயர்: ஓடிஸ்.
எழுதியதை யாரோ ரப்பரால் அழித்திருக்கிறார்கள்,
அழுத்தம் மட்டும் தாளில் தங்கிவிட்டது.
டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தாள்.
"பாருங்க, பதினேழில் தப்பு.
இருபத்திரண்டிலும் தப்பு.
இங்கே ஒரு மீன் போட்டிருக்கான்."

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்,
பின்னத்தைப் பின்னத்தால் வகுத்தல்,
நான்காவது கணக்கோடு ஓடிஸ் நின்றுவிட்டான்.
அதற்குப் பிறகு ஒரு கீறல் இல்லை.
வெள்ளை, வெள்ளை, கடைசி அட்டை வரை.

"அப்புறம் என்ன ஆச்சு அவனுக்கு?"
புத்தகத்தை மாற்றியிருப்பார்கள் என்றேன்.
வீட்டை மாற்றியிருப்பார்கள் என்றாள் மார்லிஸ்.
ஐலி இரண்டையும் நம்பவில்லை.
கல்லாவில் பென்சில் கடன் வாங்கி
படிக்கட்டில் உட்கார்ந்தாள்,
ஆட்கள் அவளைத் தாண்டி ஏறினார்கள், இறங்கினார்கள்.
காபி ஆறியது.

முக்காலை அரைக்காலால் வகுக்க வேண்டும்.
விடைப் பக்கங்களை எவரோ கிழித்திருந்தார்கள்.
மார்லிஸ் தலைகீழாக்கிப் பெருக்கணும் என்றாள்.
எதைத் தலைகீழாக்க என்றாள் மகள்.
ஏன் தலைகீழாக்க என்றாள்.
மார்லிஸ் என்னைப் பார்த்தாள்.

"வண்டியில் முக்கால் டன் உப்பு இருக்கு"
என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.
"ஒரு தெருவுக்கு அரைக்கால் டன் கொட்டுவேன்.
எத்தனை தெரு?"

கண்ணை மூடினாள்.
எந்தத் தெருக்கள் வழியாகப் போனாளோ தெரியாது.
"ஆறு."
"ஆறு," என்றேன்.
எனக்கு யாரும் எழுதித் தராத வசனம்.

ஒரு டாலர் கொடுத்தோம்.
சில்லறை கேட்காமலே ஒரு ரப்பரும் தந்தார்கள்.
அறிவியல் பாக்கி. வரலாறு பாக்கி.
மஞ்சள் தாள் ஃப்ரிட்ஜில் தொங்குகிறது,
பெட்டிக்காரர்கள் இன்னும் தள்ளுபடி அனுப்புகிறார்கள்,
சில இரவுகளில் திறந்து பார்க்கிறேன்.

வீடு திரும்பும் வழியில் பின்சீட்டில் பென்சில் சத்தம்.
ஐந்தாவது கணக்கா என்றேன்.
இல்லையாம்.
ஓடிஸின் மீனுக்கு ஒரு துடுப்பு குறைகிறதாம்.