கொட்டகை இருந்த இடம்

செப்டம்பரில் நட்டால்தான்
கிறிஸ்துமஸுக்குப் புது உருளைக்கிழங்கு.
சவுத்லாண்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை,
தெரியாதவர்கள் கடையில் வாங்குவார்கள், அவ்வளவுதான்.
எனவே ஆகஸ்டின் கடைசிச் சனிக்கிழமை,
மழை விட்டும் விடாமலும் இருந்த காலையில்
நெவில் கடப்பாரையை எடுத்தான்.

மூன்று கொட்டகைகள்.
கோழிகள் போய் நான்கு குளிர்காலம்.
கடைசி ஏழையும் ஒரே இரவில் கொன்றது ஒரு ஸ்டோட்.
இரண்டு விரல் ஓட்டை போதும் அதற்கு.
தின்னக்கூட இல்லை.
கழுத்தைக் கடித்துக் கடித்து வரிசையாய்ப் போட்டிருந்தது.
"போதும்" என்றேன்.
நெவில் சரி என்று சொல்லவில்லை,
தீவன மூட்டை வாங்குவதை நிறுத்தினான்.

முதல் கொட்டகை தும்மினால் விழும் போலிருந்தது.
எச்சத்தூளில் இருவரும் தும்மினோம்.
விழவில்லை.
ஆணிகள் அழுதன என்று எழுதினால் பொய்,
கெட்ட வார்த்தை பேசின. நெவிலும் பேசினான்.
சத்தம் கேட்டு ஹேமி
டிரெய்லரோடு வந்துவிட்டான், கூப்பிடாமலே.

அவர்கள் தகரத்தை மடித்தார்கள்.
நான் முட்டைப் பெட்டிகளை உருவினேன்.
மக்கிய வைக்கோலுக்கடியில் ஒரு முட்டை,
பீங்கான், பெட்டைகளை ஏமாற்ற வைத்தது.
ஒரு கணம் நானும் ஏமாந்தேன்,
உடையாமல் இருக்க உள்ளங்கையில் ஏந்தி.

கதவின் உட்புறம் பென்சில் கோடுகள்.
நான்கு நிமிர்ந்தவை, குறுக்கே ஒன்று.
நேரானவை மரே போட்டவை.
ரேவினின் கோடுகள் எப்போதும்
காற்றில் நிற்பவை போலச் சாயும்.
அந்தக் கதவை மட்டும் நெவில்
டிரெய்லரில் ஏற்ற விடவில்லை.

மண்ணைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.
கறுப்பு, கொழுப்பு, மண்வெட்டி வெண்ணெயில் போல இறங்கியது.
"கல்லை நட்டாலும் முளைக்கும்" என்றான் ஹேமி.
அவன் மகள்தான், கால் விரலால் ஒரு வெள்ளைச் செதிலைப் புரட்டி,
"பழைய பெயின்ட். எதற்கும் அனுப்பிப் பாருங்கள்" என்றாள்.
எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிய பலகைகள் அவை.
வீணாக்குவானேன் என்று கட்டியது.

பன்னிரண்டு நாளில் தாள் வந்தது.
ஈயம். அதற்குப் பக்கத்தில் ஓர் எண்,
அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய எண்.
கீரை வேண்டாம். கேரட் வேண்டாம்.
அடியில், பொடி எழுத்தில்:
இங்கே முட்டைக்காகக் கோழி வளர்ப்பதும் உகந்ததல்ல.

நெவில் பின்கட்டுக்குப் போய்க் கதவின் முன் குந்தினான்.
ஐந்து, பத்து, பதினைந்து.
பாதிக் கதவில் நிறுத்தினான்.
நான் வேறு கணக்கில் இருந்தேன்:
பாவ்லோவாவுக்கு ஆறு வெள்ளைக்கரு,
மிச்ச மஞ்சளெல்லாம் கஸ்டர்டாகி மரேவுக்கு,
ஒல்லியாக இருந்தான் என்று.
அவனுக்கு எழுத்து ஏறவில்லை என்று ஆசிரியை சொன்னபோது
"அப்பா வழி" என்று சொல்லிச் சிரித்தவள் நான்.
அப்பா வழியாகவே இருக்கலாம்.
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது.
ஊட்டியதைப் பற்றி அந்தப் பழமொழி
வாயே திறப்பதில்லை.

ரேவின் போனில் சிரித்தாள்:
"அம்மா, நாங்கள் அந்தப் பலகையையே நக்கியிருக்கிறோம்."
மரே கடலில் இருந்தான், மணி அடித்து ஓய்ந்தது.
செய்தி விட வாய் எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

இப்போது மரப்பெட்டிகள், அடியில் கெட்டித் துணி,
லாரியில் வந்த யாரோ ஒருவருடைய மண்.
கிழங்கு நட அக்டோபராகிவிட்டது.
கிறிஸ்துமஸுக்குக் கடையில் வாங்குவோம்.

சாயங்காலம் காய்த்தோல் வாளியோடு
கால்கள் தாமாகவே அங்கே போய் நின்றன.
கொட்டகை இருந்த சதுரத்தில் ஒரு புகேகோ,
நீலமும் திமிருமாய், மண்ணைக் கொத்திக்கொண்டு.
"சூ" என்றேன். "இங்கே வேண்டாம், போ."
சிவப்புக் கால்களைத் தூக்கித் தூக்கி
வேலிவரை போய்
திரும்பி வந்தது.
வாளியைத் தட்டினேன்.
மறுபடி போனது, மறுபடி வந்தது.
இருட்டும்வரை இருவருக்கும் அதே வேலை.